ஜுராசிக் பார்க்: கதவைத் தூக்கியவரின் கணக்கு

1993 ஜூனில் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்தை, படைத்தவனின் வேலையில் கைவைத்த மனிதனுக்குக் கிடைத்த தண்டனை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவது சமயப் பற்றுள்ள விமர்சகர்களிடையே வழக்கமாகிவிட்டது. படத்தில் வரும் கணித அறிஞர் இயான் மால்கமும் ஏறத்தாழ இதையே வாதிடுவதால் அந்த வாசிப்பு எளிதில் கைகூடுகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பார்க்கையில் நம் கண்ணில் படுவது வேறொன்று. இது கூலியைப் பற்றிய படம்.

முதற்காட்சியை நினைவுகூர்வோம். கோஸ்டா ரிக்காவை அடுத்த கற்பனைத் தீவொன்றில், நள்ளிரவில், கூண்டில் அடைத்த விலங்கைக் கொட்டிலுக்குள் விடுகிறார்கள். கூண்டின் மேலேறிக் கதவைத் தூக்கும் தொழிலாளி தவறி விழுகிறார். விலங்கு அவரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இறுதிப் பெயர்ப்பட்டியலில் அவர் வெறும் ‘தொழிலாளி’. அடுத்த காட்சியிலேயே முதலீட்டாளர்களின் வழக்கறிஞர் டொமினிக்கன் குடியரசிலுள்ள அம்பர் சுரங்கத்துக்கு வந்து சேர்கிறார். இறந்தவரின் குடும்பம் 2 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்திருக்கிறது, காப்பீட்டாளர்கள் அஞ்சுகிறார்கள், பூங்கா பாதுகாப்பானது என்று அறிஞர்கள் சான்றளித்தாக வேண்டும். கதை முழுவதையும் நகர்த்துவது இந்தச் சாவுதான். அதற்குப் பின் படம் அவரை அறவே மறந்துவிடுகிறது.

அறிஞர்கள் எவ்வாறு அழைத்துவரப்படுகிறார்கள் என்பதும் கவனத்துக்குரியது. மொன்டானாவில் எலும்புகளைத் தோண்டிக்கொண்டிருக்கும் கிரான்ட், எல்லி இருவரிடமும் பூங்காவின் அதிபர் ஜான் ஹாமண்ட் அந்தச் சாவைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அகழாய்வுக்கு மூன்றாண்டுகள் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்கிறார். அவ்வளவுதான், இருவரும் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறார்கள். அறிவு விலைபோகும் விதத்தை இதைவிடச் சிரித்த முகத்தோடு சொன்ன காட்சி அரிது.

செலவைப் பார்க்கவே இல்லை என்பது ஹாமண்ட் ஓயாமல் சொல்லும் பெருமிதம். உணவுக்கும் வண்டிகளுக்கும் அது பொருந்தும். பூங்காவின் கணினி அமைப்பு முழுவதையும் தாங்கி நிற்கும் நெட்ரியிடம் மட்டும் அவர் கணக்குப் பார்க்கிறார். பணத்தட்டுப்பாட்டைச் சொல்லும் அம்மனிதனிடம், பிழை செய்தவர் அதற்கான விலையைத் தாமே கொடுக்க வேண்டும் என்று தந்தையைப்போல அறிவுரை கூறுகிறார். நெட்ரி பேராசைக்காரன், திருடன். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மின்வேலிகள் அணைந்ததற்கு மரபணுவியலைக் காரணம் காட்ட இயலாது.

மைக்கேல் கிரைட்டனின் 1990ஆம் ஆண்டு நாவலில் ஹாமண்ட் இரக்கமற்ற வணிகர். தாம் உண்டாக்கிய சிறு விலங்குகளுக்கே இரையாகிறார். ஸ்பீல்பெர்க் அவரைக் குழந்தையுள்ளம் கொண்ட தாத்தாவாக்கி, அந்த வேடத்தை ரிச்சர்ட் அட்டன்பரோவுக்குக் கொடுத்தார். (1983 ஆஸ்கர் விழாவில் ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’யைச் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டு விருதுகளிலும் வென்றது அட்டன்பரோவின் ‘காந்தி’ என்பது ஒரு சுவையான செய்தி.) நமக்கோ அந்த முகம் இன்னொரு படத்தை நினைவூட்டுகிறது. சத்யஜித் ரேயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’யில் (1977), 1856இல் வாஜித் அலி ஷாவிடமிருந்து அவத் அரசைக் கைப்பற்றிய ஆங்கிலேய அதிகாரி ஊட்ரமாக நடித்தவர் அவரே. தாம் செய்வது முறையன்று என்று உள்ளூர உறுத்தினாலும் செய்துமுடிக்கும் கனவான் அவர். ரே அந்த உறுத்தலைக் காட்டினார். ஆனால் அதற்காக அவரை விடுவித்துவிடவில்லை. ஸ்பீல்பெர்க் விடுவித்துவிடுகிறார். உருகும் ஐஸ்கிரீமை முன்வைத்துக்கொண்டு ஹாமண்ட் தமது பழைய தெள்ளுப்பூச்சி சர்க்கஸைப் பற்றிப் பேசும் காட்சி, நம் பரிவைக் கேட்டு வாங்குவதற்காகவே அமைந்தது. நாமும் கொடுத்துவிடுகிறோம். அதே காட்சியின் தொடக்கத்தில் படக்கருவி பரிசுக்கடையின் அடுக்குகள்மீது மெல்ல நகர்கிறது. அங்குள்ள அதே முத்திரையோடு பொம்மைகளும் உணவுப்பெட்டிகளும் திரையரங்குக்கு வெளியே உலகெங்கும் விற்றன. இதை நையாண்டி என்பதா, விளம்பரம் என்பதா?

படத்தின் கலைத்திறனைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. 127 நிமிடங்களில் டைனோசர்கள் தோன்றுவது சுமார் 15 நிமிடங்களே. அவற்றிலும் கணினியில் உருவானவை பாதிக்கும் குறைவு. ஸ்டான் வின்ஸ்டன் குழுவினரின் இயந்திரப் பொம்மைகளும், கோப்பை நீரில் எழும் வளையங்களும் எஞ்சியதைச் செய்துவிடுகின்றன. பின்வந்த பல படங்கள் இந்தச் சிக்கனத்தைக் கற்கவில்லை.

அறிவியல் பக்கம் சுருக்கமாகவே சொல்லலாம். நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை, அச்சூழலில் மரபணுவின் அரையாயுள் 521 ஆண்டுகள் என்றது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் ஹாமண்டின் வணிகம் மறையவில்லை. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த ஓநாயினத்தை மீட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் ஓர் அமெரிக்க நிறுவனம் மூன்று குட்டிகளைக் காட்டியது. சாம்பல் ஓநாயின் மரபணுவில் 20 திருத்தங்கள் செய்யப்பட்டவை அவை. அவற்றை அந்தப் பழைய இனமென்றே அழைக்கலாமா என்று உயிரியலாளர் பலர் மறுத்துக் கேட்டனர்.

இறுதிக்காட்சியில் தப்பியவர்களைச் சுமந்து ஹெலிகாப்டர் பறக்கிறது. குழந்தைகள் கிரான்டின் தோளில் உறங்குகிறார்கள். வெளியே கூழைக்கடாக்கள் சிறகடிக்கின்றன. ஹாமண்ட் தம் கைத்தடியில் பதித்த அம்பரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பூங்காவுக்குச் சான்றளிக்கப்போவதில்லை என்று கிரான்ட் முன்பே கூறிவிட்டார். ஹாமண்டும் அதற்கு உடன்பட்டுவிட்டார். வழக்கறிஞரும் மாண்டுவிட்டார். அந்த 2 கோடி டாலர் வழக்கு என்னவாயிற்று என்று ஹெலிகாப்டரில் ஒருவரும் கேட்கவில்லை.