தலையால் நடந்தவளும் கண்ணாடிச் சுவரும்

அம்மா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

காரைக்கால் பாரதியார் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடியில் இருக்கிறது அந்த யோகா கூடம். காலையில் யோகா, சாயங்காலம் ஜும்பா, சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் சிலம்பம், வாரத்தில் இரண்டு நாள் வயதானவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சி. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. “இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்கம்மா, முதுகு நேரா இருக்கான்னு உங்களுக்கே தெரியும்” என்றார்.

“எம் முதுகு எப்புடி இருக்குன்னு எனக்குத் தெரியும் கண்ணு. பாக்கத்தான் வேணாம்” என்றாள் அம்மா.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதிலிருந்து அவள் கண்ணாடி பார்த்து நான் பார்த்ததில்லை. தலைவாரிக்கொள்வதுகூடக் கைப்பழக்கத்தில்தான். மூட்டு வலிக்கு நல்லது என்று பொய் சொல்லித்தான் இங்கே கூட்டிவந்தேன். எனக்குமே இப்படிப்பட்ட இடங்கள் என்றால் பயம். வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே எடை பார்த்து, போட்டோ எடுத்து, ‘முன்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ‘பின்’ என்று ஒரு போட்டோ ஒட்டப்படும்வரை நான் அங்கே முழு ஆள் இல்லை. ஒன்பதாவது நாள் நின்றுவிட்டேன். அந்தப் போட்டோவைத் திரும்பக் கேட்கக்கூடத் தைரியம் இருக்கவில்லை.

அம்மாவின் அந்த முதுகைப் பார்த்த ராத்திரிதான் காரைக்கால் அம்மையாரை மறுபடி எடுத்துப் படித்தேன்.

*

எங்கள் ஊரில் அம்மையாரைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டியதில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் அவள் தெருவுக்கே வருவாள். முதலில் திருக்கல்யாணம். பிறகு பிட்சாடனர் ஊர்வலம். மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், பிள்ளை வேண்டும் பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். கல்யாணம், மாம்பழம், குழந்தை என்று நாங்கள் கொண்டாடுவது பெரும்பாலும் பட்டுடுத்திய புனிதவதியைத்தான். அவளாக விரும்பிக் கேட்டு வாங்கிய பேயுருவம் கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருக்கும்.

கதை நமக்குப் பெரியபுராணத்திலிருந்து வருகிறது. மாம்பழ அதிசயத்தைப் பார்த்துப் பயந்த கணவன் கப்பலேறிப் போகிறான். பாண்டிய நாட்டில் இன்னொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். பிறகு இவளைப் பார்த்ததும் குடும்பத்தோடு காலில் விழுகிறான். கணவனுக்காகச் சுமந்த இந்தத் தசையை எடுத்துக்கொண்டு பேய் வடிவம் தா என்று அவள் இறைவனிடம் கேட்கிறாள். சேக்கிழார் இதைச் சொல்லும் முறையில், அது உடம்பைத் துறக்கும் இடம். நம்முடைய பிரசங்கங்களும் பாடப்புத்தகங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. அழகு போயிற்று, ஆசை போயிற்று, உடம்பே போயிற்று. பக்தி மட்டும் மிச்சம்.

ஆனால் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு. அம்மையாரை 6-ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நடுவில் 600 வருடம். அம்மையாரின் பாடல்களில் மாம்பழம் இல்லை, கணவனும் இல்லை. கேரன் பெச்சிலிஸ் 2012-இல் வெளியான தன் ஆங்கில நூலில் கவிஞரையும் பின்னால் எழுதப்பட்ட வரலாற்றையும் பிரித்துப் படிக்கிறார். அப்படிப் பிரித்துப் படித்தால் என்ன தெரிகிறது?

உடம்புதான் தெரிகிறது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 11 பாடல்கள். முதல் பாட்டின் தொடக்கத்திலேயே ஒரு பெண்பேய் நிற்கிறது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழி விழுந்த வயிறு, செம்பட்டை முடி, நீண்ட இரண்டு பல், முண்டு முண்டாகத் துருத்திய கணுக்கால், நெடிய கெண்டைக்கால். ஒரு உறுப்பையும் விடவில்லை. உடம்பை வெறுத்தவள் இவ்வளவு பொறுமையாகக் கணுக்கால்வரை பார்ப்பாளா? அந்தப் பேய் தான்தான் என்று அவள் அங்கே சொல்வதில்லை. பதிகத்தின் முடிவில் மட்டும், காரைக்கால் பேய் என்று தன் பெயரைக் கையெழுத்துப் போல வைக்கிறாள். இதை நான் துறவு என்று படிக்க மாட்டேன். யாருக்கும் காட்டுவதற்காக இல்லாத ஒரு உடம்புக்குள் குடிபோவது என்று படிப்பேன்.

அந்த உடம்பை நம்மால் பார்க்க முடியவில்லை என்பதற்கு 1973-இல் வந்த ஏ.பி. நாகராஜனின் ‘காரைக்கால் அம்மையார்’ படமே சாட்சி. இளம் புனிதவதியாக லட்சுமி, பிறகு அம்மையாராக கே.பி. சுந்தராம்பாள். குரல் உருக்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் திரையில் வருவது பேய் இல்லை, கும்பிடத் தோன்றும் பாட்டி. அழகிக்கு அடுத்தபடியாக ஒரு பெண்ணுக்கு நாம் அனுமதிக்கும் உருவம் பாட்டி மட்டும்தான். சோழர் காலச் சிற்பிகளுக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் நடராசரின் காலடியில், எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறாள். முகத்தில் சந்தோஷம்.

*

இங்கேதான் அந்தக் கண்ணாடிச் சுவருக்குத் திரும்பி வருகிறேன்.

இன்று நம் தெருமாடிகளில் நடக்கும் யோகாவின் ஒரு முக்கியமான கிளை, 1930-களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து வந்தது. அங்கே பெரும்பாலும் பயின்றவர்கள் பையன்கள். வளையும் உடம்புகள், பார்வையாளர் முன்னால் செய்துகாட்டும் ஆசனங்கள். அந்தக் காலத்து ஜிம்னாஸ்டிக்ஸும் உடற்கல்வியும் இன்றைய யோகாவில் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று மார்க் சிங்கிள்டன் 2010-இல் ஒரு புத்தகமே எழுதினார். கண்ணாடி அந்தப் பரம்பரையின் மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பார்க்க வந்த ராஜா போய்விட்டார். அவர் இடத்தில் நம்மையே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நியாயமில்லை. அதே கிருஷ்ணமாச்சாரியார் பிற்பாடு சென்னையில், வந்தவரின் வயதையும் நோயையும் பார்த்து ஆளுக்குத் தகுந்தபடி சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த பி.கே.எஸ். அய்யங்கார் நாற்காலி, கயிறு, மரக்கட்டை, பெல்ட் என்று எதையெல்லாமோ கொண்டுவந்தார். வளையாத உடம்பைத் திட்டாமல், அது எட்டும் இடத்துக்கு ஒரு கட்டையை நகர்த்தி வைப்பது. வரவேற்பு என்றால் எனக்கு இதுதான். வாசலில் “எல்லாரும் வரலாம்” என்று பலகை மாட்டுவது சுலபம். வந்தவள் முதலில் வேறொருத்தியாக மாறியாக வேண்டுமா, இல்லையா என்பதுதான் கேள்வி.

சிரசாசனத்தை ஆசனங்களின் ராஜா என்பார் அய்யங்கார். அம்மையாரும் தலைகீழானவள்தான். சிவன் இருக்கும் மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று கயிலாயத்துக்குத் தலையால் நடந்து ஏறினாள் என்கிறது பெரியபுராணம். சாதிப்பதற்காக இல்லை, கூச்சத்தால். தலைகீழாக நிற்பதைப் போட்டோ எடுத்துப் போடும் நமக்கு இந்தக் கூச்சம் புரிவது கஷ்டம். கதையில் அவளைப் பார்த்து உமையே ஆச்சரியப்படுகிறாள். சிவன் சொல்வது ஒரே வார்த்தை: அம்மையே. எடை பார்க்கவில்லை, ‘முன்’, ‘பின்’ கேட்கவில்லை.

அம்மையாரை உடற்பயிற்சிக்கு எதிரான கொடியாகத் தூக்கவும் எனக்கு விருப்பமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நிஜமாகவே. எலும்பும் தோலுமான பேயை இன்றைக்கு யாராவது ‘ஸ்லிம்’ என்று மெச்சிவிடும் அபாயமும் இருக்கிறது. நான் அவளிடம் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். திருவாலங்காட்டில் அவள் தனியாக இல்லை. சுடுகாடு முழுக்கப் பேய்கள். ஆடுகின்றன, அலறுகின்றன, தின்கின்றன. ஒன்று ஆடுவதை இன்னொன்று திருத்துவதில்லை.

*

அடுத்த வாரம் போனபோது பாய்களை ஜன்னல் பக்கம் பார்க்கப் போட்டிருந்தார் அந்தப் பெண். காரணம் எதுவும் சொல்லவில்லை. புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒரு அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எனக்கும் அந்தக் கண்ணாடி புடிக்காது. சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றார்.

கடைசியில் சவாசனம். எல்லாரும் படுத்து, கையைக் காலைத் தளர்த்திக் கண்ணை மூட வேண்டும். அம்மா என்னிடம் மெதுவாக, “இதுக்குப் பேரு என்னடி?” என்றாள். சொன்னேன்.

“பொணமா படுக்குறதுக்கா மாசாமாசம் காசு குடுக்குறோம்?”

பக்கத்தில் படுத்திருந்த அக்கா சிரித்துவிட்டார். பிறகு பின்வரிசையில் ஒருத்தர். பிறகு சொல்லிக்கொடுத்த பெண்ணும். பிணமாகப் படுத்திருந்த பன்னிரண்டு பேர் வயிறு குலுங்கச் சிரித்தோம். அம்மா சிரித்தபோது அவள் வயிறும் குலுங்கியது. அவள் அதைக் கையால் மூடிக்கொள்ளவில்லை.

கண்ணாடியை அவள் இன்னும் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.