ஏறுகோட்டைப் படிக்கும் கலை

டேட்டாபேஸ் வேலையில் நான் மிகவும் ரசிப்பது, மெதுவாகிப்போன ஒரு நீக்கலைத் தேர்ந்த பொறியாளர் துப்புத் துலக்கும் விதம்.

பல கணினிகளில் பரவிக் கிடக்கும் ஓர் அட்டவணையிலிருந்து ஒரு கோடிப் பழைய பதிவுகளை நீக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே ஆணையில் அழித்தால் பரிவர்த்தனை பெருத்து எல்லாரையும் காக்க வைக்கும். ஆகவே ஆயிரம் ஆயிரமாக, பேட்ச் போட்டு நீக்குவார்கள். முதல் சில பேட்சுகள் சிட்டாகப் பறக்கும். போகப்போக ஒவ்வொன்றும் இழுக்கும். நீக்க வேண்டியது குறைந்துகொண்டே வருகிறது, வேலையோ கூடிக்கொண்டே போகிறது. அனுபவம் குறைந்தவர் இங்கே டிஸ்கைச் சந்தேகிப்பார், நெட்வொர்க்கைச் சந்தேகிப்பார், இன்னொரு கணினியைச் சேர்ப்பார். தேர்ந்தவர் ஒவ்வொரு பேட்சும் எடுத்த நேரத்தைக் கோடாக வரைந்து பார்ப்பார்.

அந்தக் கோட்டின் வடிவமே பாதி நோயைச் சொல்லிவிடும். தொடக்கம் முதலே உயரத்தில் சமமாக ஓடினால், அட்டவணையில் இண்டெக்ஸ்கள் அதிகமாக இருக்கலாம். ஒரு பதிவை நீக்கும்போது அதன் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் தனித்தனியாக நீக்க வேண்டும், ஒவ்வொரு நீக்கத்தையும் பிரதிகளில் பெரும்பான்மை ஒப்ப வேண்டும். அல்லது இந்த அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீ ஒன்று, தன் பக்கத்தில் இண்டெக்ஸ் இல்லாமல் இருக்கலாம். கோடு தாறுமாறாகத் துள்ளினால் வேறு பரிவர்த்தனைகளோடு மோதல். சீராக ஏறிக்கொண்டே போனால்? அங்கேதான் இந்தக் கலையின் அழகு.

காக்ரோச்டிபி, கசாண்ட்ரா போன்ற டேட்டாபேஸ்கள் 1996-இல் பேட்ரிக் ஓ'நீல் குழுவினர் எழுதிய எல்.எஸ்.எம். மர அமைப்பை அடியொற்றியவை. எழுதி முடித்த கோப்பை அவை திருத்துவதில்லை. எனவே நீக்குவதும் ஓர் எழுத்துதான்: ‘இது இனி இல்லை' என்று டூம்ஸ்டோன் என்னும் குறி ஒன்று பதிவாகும், பழைய பதிவும் அங்கேயே கிடக்கும். பின்னால், கோப்புகளை ஒன்றுசேர்த்துப் புதிதாக எழுதும் கம்பாக்‌ஷன் வந்துதான் இரண்டையும் துடைக்கும். அதுவும் உடனே அல்ல. கசாண்ட்ராவில் இயல்பான காத்திருப்பு 10 நாள். நீக்கிய நேரத்தில் படுத்திருந்த கணினி ஒன்று எழுந்து வந்தால், அதனிடம் உள்ள பழைய பதிவு மறுபடி உயிர்பெற்றுவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. காக்ரோச்டிபியில் 25 மணி நேரமாக இருந்த இயல்பான காத்திருப்பை 23.1 பதிப்பில் 4 மணி நேரமாக்கினார்கள்.

இப்போது கோடு ஏன் ஏறுகிறது என்பது விளங்கும். ‘அடுத்த ஆயிரத்தை நீக்கு' என்று ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து தேடச் சொல்கிறோம். பேரேட்டில் அடித்த வரிகளையெல்லாம் முதல் பக்கத்திலிருந்து விரலால் கடந்து வருவதைப் போல, ஒவ்வொரு பேட்சும் முந்தைய டூம்ஸ்டோன்கள் அத்தனையையும் தாண்டுகிறது. இடையில் எதுவும் துடைக்கப்படாவிட்டால், ஒரு கோடிப் பதிவுகளை நீக்கி முடிப்பதற்குள் மொத்தம் ஏறத்தாழ 5,000 கோடி முறை குறிகளைத் தாண்டியிருக்கும்!

இத்தனைக்கும் மருந்து ஒரே ஒரு நிபந்தனை. கடைசியாக நீக்கிய பதிவின் கீயை நினைவில் வைத்து, அடுத்த பேட்சை அதற்குப் பின்னிருந்து தொடங்கச் சொல்வது. ஏறிக்கொண்டிருந்த கோடு அந்த இடத்திலேயே படுத்துவிடும். இந்தத் துறையில் இவ்வளவு சிறிய திருத்தம் இவ்வளவு பெரிய பலன் தருவதை நான் அதிகம் கண்டதில்லை.

உரையாடல் செயலியான டிஸ்கார்டின் பொறியாளர்கள் 2017-இல் எழுதிய அனுபவமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரு சேனலில் இருந்தது ஒரே ஒரு செய்தி. அதைத் திறக்க 20 விநாடி ஆனது. முன்பு அங்கிருந்த லட்சக்கணக்கான செய்திகளை யாரோ நீக்கியிருந்தார்கள். கசாண்ட்ரா அவற்றின் டூம்ஸ்டோன்களையெல்லாம் படித்துக்கொண்டிருந்தது. அவர்கள் 10 நாள் காத்திருப்பை 2 நாளாகக் குறைத்தார்கள். தினமும் இரவில் பிரதிகளைச் சரிபார்த்துவந்ததால் அந்தத் துணிவு அவர்களுக்குப் பொருந்தியது. கூடவே, காலியான பகுதிகளைக் குறித்துவைத்து அடுத்த முறை தொடாமல் கடக்கவும் குவெரியை மாற்றினார்கள். முதல் திருத்தத்தைவிட இரண்டாவதே என் மனத்துக்கு நெருக்கமானது. காத்திருப்பைக் குறைப்பது காப்பில் கை வைப்பது. கடந்த இடத்தை நினைவில் வைப்பதோ எதையும் பணயம் வைப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலான கைத்திறன், நீக்கும் நாளை அட்டவணை வரையும் நாளிலேயே நினைப்பது. நாள்வாரியாகப் பதிவுகளைப் பிரித்து வைத்தால், காலம் கடந்த பகுதியை மொத்தமாகக் கழற்றி எறியலாம். பதிவுக்கொரு டூம்ஸ்டோன் என்ற பேச்சே இல்லை.

உங்கள் நீக்கல் நாளை இழுக்கத் தொடங்கினால், பேட்ச் அளவை மாற்றாதீர்கள், கணினியைக் கூட்டாதீர்கள். முதலில் அந்தக் கோட்டை வரைந்து பாருங்கள்.