யொருபா மொழியும் ஒலிநாடாவும்

ஆப்பிரிக்க மொழிகளைப் பிறர்க்குக் கற்பிக்க எழுந்த பாடநூல்களுள், அமெரிக்க அரசின் வெளிநாட்டுச் சேவைப் பயிற்சிக் கழகம் 1963-இல் வெளியிட்ட ‘யொருபா அடிப்படைப் பாடம்’ ஆராயத்தக்கது. ஏர்ல் ஸ்டீவிக் முதலியோர் இயற்றிய இந்நூல் ஒலிநாடாக்களோடு பயிலுதற்குரியது.

நைஜீரியாவின் தென்மேற்கில் பெரிதும் வழங்கும் யொருபாவில் ஏற்றம், நடு, இறக்கம் என மூன்று தொனிகள் உண்டு. ‘ஒக்கோ’ என்னும் சொல்லே தொனி மாறுங்கால் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என நான்கு பொருள் தரும். சீனம் பேசக் கேட்டுப் பழகிய மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்க்கு இஃது எளிதில் விளங்கும். எழுத்தின் மேலிடும் குறியைக் கண் கண்டாலும் செவி பழகவில்லையாயின், கணவரை அறிமுகம் செய்யப் புகுந்தவள் மண்வெட்டியை அறிமுகம் செய்து நிற்பாள்! ஆதலின் ஒரே ஒலியைச் சலியாது திரும்பச் சொல்லும் நாடா இங்கு நல்லாசிரியனே.

ஆயினும் நாடாவுக்கு வாயுண்டு, செவியில்லை. மாணவன் பிழைபட ஒலித்தால் திருத்தாது அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். பிழையே பழக்கமாக இறுகும். நாடா போய்க் கணினிவழிப் பதிவு வந்த பின்னும் அந்நிலை மாறவில்லை. மேலும், இத்தகைய பயிற்சிகளில் கொடுத்த சொல்லைப் பொருத்துவதே பெரும்பாலும் மாணவன் வேலை. தான் சொல்ல விரும்பியதைச் சொல்ல இடம் குறைவு. இது சிறு குறையன்று. ஸ்டீவிக்கே 1976-இல் வெளியிட்ட ‘நினைவு, பொருள், முறை’ என்னும் நூலில், கற்போன் உள்ளத்தில் பொருள் ஆழப் பதிதலுக்கே முதலிடம் தந்தார்.