கடிகாரம் வரைந்த பிஸ்கட் ஜாடி

அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ‘ஃப்ரெண்ட்ஸ்’ 10 ஆண்டுகள் ஓடி, 2004 மே 6 அன்று நிறைவுபெற்றது. கடைசிக் காட்சியில் கதையின் ஆறு நண்பர்களும் வீட்டுச் சாவிகளை வைத்துவிட்டு வெளியேற, கேமரா காலியான ஊதாச் சுவர்களைச் சுற்றி வந்து, கதவில் மாட்டிய மஞ்சள் சட்டத்தில் நிற்கும். அந்த வெறுமையே தொண்டையை அடைக்கிறது.

அந்த நண்பர்களாக நடித்த ஆறு பேரின் நெருக்கம் வெறும் நடிப்பல்ல. தொடக்க ஆண்டுகளிலேயே, தனித்தனியாகப் பேரம் பேசாமல் ஆறு பேருக்கும் ஒரே சம்பளம் என்று ஒன்றாக நின்றார்கள். யாருக்குப் புகழ் அதிகம் என்ற கணக்கு நுழைய இடமே விடவில்லை. அதுதான் இந்தக் கூட்டத்தின் பெரிய அழகு.

தொடரில் வரும் மோனிகாவின் வீட்டுச் சமையலறையில் கடிகார முகம் வரைந்த பிஸ்கட் ஜாடி ஒன்று உண்டு. ஒரு காட்சியில், அந்த ஆறு பேரில் ஒருவரான லிசா குட்ரோ அதை நிஜக் கடிகாரம் என்று நினைத்து, நேரமாகிவிட்டதென்று கைகாட்டிவிட்டார். சக நடிகர் மேத்யூ பெர்ரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தொடரின் படப்பிடிப்பு முடிந்தபோது அந்த ஜாடியையே லிசாவுக்குப் பரிசளித்தார்.

பெர்ரி 2023 அக்டோபர் 28 அன்று 54 வயதில் மறைந்தார். லிசா எழுதிய அஞ்சலியில் பெர்ரி தந்த சிரிப்பும் நட்பும் நிறைந்திருந்தன.