அம்மியும் உரலும்: கேமரன் மலைத் தோட்டத்துப் பாட்டிமாரின் கைப்பக்குவம்

மலேசியத் தோட்டத்துச் சமையலுக்கென்று தனி மரபு கிடையாது, யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு ஈடாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை என்ற பேச்சு தமிழர் உணவைப் பற்றி உரையாடுவோரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, ஓடவேண்டியிருந்தும் அதற்குள் உலைவைத்துக் குழம்பும் கூட்டிவிட்டுப் போன பாட்டிமாரை அறிந்தவர் எவரும் இப்பேச்சை ஏற்கமாட்டார்.

இம்மலையில் 1929-இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ. பி. மில்னின் துணையோடு ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் தோன்றியது. தேயிலைத் தொழிலின் அறிவு இலங்கையிலிருந்து வந்தது. கொழுந்து கிள்ளிய கைகளோ பெரும்பாலும் தமிழகத்துக் கைகள். மலாயாத் தோட்ட அலுவலகங்களில் கிராணி எனப்பட்ட எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதியாக அமர்ந்ததால், இருகரைத் தமிழரின் அடுப்புகளும் மலாயா மண்ணில் அருகருகே புகைந்தன.

யாழ்ப்பாணத்து முறையில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவை தனித்தனியே பதமாக வறுக்கப்பட்டு, மஞ்சளோடு உரலில் இடித்து அரிக்கப்படுகின்றன. அங்கு பெருஞ்சீரகம் எனப்படுவதே தமிழகத்துச் சோம்பு. அங்கு குசினி எனப்படுவதே தோட்டத்து அடுப்படி. மீனுக்கும் இறைச்சிக்கும் மரக்கறிக்கும் அந்த ஒரே தூள் பெரும்பாலும் போதுமானதாகிவிடுகிறது. அதன் அளவு வீட்டுக்கு வீடு மாறும் என்பதும், கடல்கடந்த பிள்ளைகளுக்குப் பொதியாக அது தொடர்ந்து அனுப்பப்படுகிறது என்பதும் பலரும் அறிந்தவை. மணம் மிக்க அத்தூள் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கிராணி வீட்டுப் பக்கமிருந்து காற்றோடு வந்தே அறிமுகமானதாகையால், அதன் நுணுக்கங்களை யாழ்ப்பாணத்தார் எடுத்துரைப்பதே பொருத்தமாகும்.

தமிழகத்தில் பொடிகள் பல. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, குழம்புக்கு மிளகாயும் மல்லியும் சேர்த்துத் திரித்த மற்றொன்று என வகைபிரித்து, மொட்டைமாடி வெயிலில் நாள் முழுதும் காயவைத்து மில்லில் அரைத்து வைத்துக்கொள்வது வழக்கம். இவ்வழக்கத்தின் மீதே பெரிய குடும்பத் தொழில்கள் எழுந்தன. ஈரோட்டில் மஞ்சள் வணிகத்திலிருந்து பி. சி. துரைசாமி 1975-இல் தொடங்கிய சக்தி மசாலாவும், சென்னையில் ஏ. டி. பத்மசிங் ஐசக் 1995-இல் தொடங்கிய ஆச்சி மசாலாவும் அவற்றுள் முதன்மையானவை. இலங்கையின் வடக்கு மாகாணத்திலோ, விவசாயத் திணைக்களத்தின் துணையோடு பெண்கள் நடத்தும் உணவகங்களுக்கு ‘அம்மாச்சி’ என்று பெயர். முதிய பெண்ணை மதித்து அழைக்கும் சொல்லையே இருகரையாரும் தொழிலுக்குப் பெயராக்கினர் என்பது கருதத்தக்கது.

கேமரன் மலையில் இவ்விரண்டு முறைகளும் அப்படியே வேர்பிடிக்க இடமில்லை. பனியும் மழையும் ஓயாத இம்மலையில் மிளகாயை மொறுமொறுவெனக் காயவைக்கும் வெயிலை நம்பியிருக்க முடியாது. நேரத்தோடு வேலைக்காட்டுக்குப் போகவேண்டியவளுக்கு ஒவ்வொரு சரக்காக நின்று வறுக்கப் பொழுதும் வாய்க்காது. ஆகவே ஊரிலிருந்து வந்த அம்மியே இங்கு அரசாண்டது. சுடுநீரில் ஊறிய மிளகாயை உப்புக்கல்லோடு முதலில் நசுக்கி, பின் மல்லியும் சீரகமும் சோம்பும் சேர்த்து, நீர் தெளித்துத் தெளித்து வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து, இறுதியில் சின்ன வெங்காயத்தை ஓட்டி உருண்டையாக வழித்தெடுப்பர். அம்மியைக் கழுவிய நீரும் வீணாகாமல் குழம்பில் சேரும். இலங்கையார் ரம்பை என்று வழங்கும் இலையை மலாய் அயலாரிடமிருந்து பாண்டான் என்ற பெயரோடு ஏற்றுச் சோற்றுக்கு மணமூட்டியதும் இப்பெண்களின் நுண்ணறிவே.

அரைத்த மசாலா மறுநாளே சுவை மாறிவிடும். அதைப் பொட்டலமாக்கிக் கடைக்கு அனுப்ப இயலாது. தூள் மரபு பெருந்தொழிலானதும், அம்மி மரபு பெரும்பாலும் சிறு உணவுக்கடையோடு நின்றதும் இதனால்தான். மரபின் ஏழ்மை இதற்குக் காரணமன்று. தோட்டங்களில் இன்று கொழுந்து கிள்ளுவோர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்கு இறங்கிவிட்டன. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் தமிழர் நடத்தும் வாழையிலைச் சோற்றுக்கடைகள் தோட்டத்து அடுப்படிக்கு உறவானவை. சமைத்த சூட்டோடு பரிமாறுவதில் வடக்கின் அம்மாச்சியும் இத்தகைய குடும்பக் கடையும் ஓரினமே. எனினும் அம்மாச்சிக்கு அரசுத் திணைக்களத்தின் ஆதரவு உண்டு. குடும்பக் கடையோ பாட்டி கற்றுத்தந்த பக்குவத்தையும் வீட்டாரின் சிறுசேமிப்பையும் மட்டுமே முதலாகக் கொண்டு எழுவது. அம்மியின் இடத்தில் இன்று மின்கிரைண்டர் சுழன்றாலும், மிளகாயை முதலில் உப்போடு ஓட்டும் வரிசையை மாற்றாத சமையற்காரர்கள் இன்னும் இருக்கின்றனர். ஏன் அப்படி என்று கேட்டால் பாட்டி அப்படித்தான் அரைத்தார் என்பார்கள்.