உழைத்த அளவே பொன்: பாமாவின் ‘கருக்கு’

திருவானைக்காவல் கோயிலின் வெளிமதிலைத் ‘திருநீற்று மதில்’ என்று வழங்குவர். அதைக் கட்டிய தொழிலாளர்க்குச் சிவபெருமானே சித்தர் வடிவில் வந்து திருநீற்றைக் கூலியாக அளந்தார் என்றும், அந்நீறு அவரவர் உழைத்த அளவுக்கு ஏற்பப் பொன்னாக மாறியது என்றும் தலவரலாறு கூறுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இத்தீவில் வாழும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இக்கதை புதிதன்று. எல்லாருக்கும் கிடைத்தது ஒரே நீறுதான். அதைப் பொன்னாக்கியது உழைப்பு. தம் வாழ்வை நூலாக்க விரும்புவோர் எண்ணிப் பார்க்கத்தக்க கதை இது.

துன்பம் நிறைந்த இளமை நம்மில் பலருக்கு வாய்த்ததுண்டு. ‘என் கதையை எழுதினால் ஒரு பெரிய புத்தகமே ஆகும்’ என்று நம் பங்குகளில் சொல்லாத மூதாட்டியர் இல்லை. ஆயினும் புத்தகங்கள் பிறப்பதில்லை. பட்ட துன்பம் குறைவு என்பது காரணமன்று. பட்டதைச் சொல்வது வேறு. அதன் பொருளைத் தேடிக் கண்டு, பிறர் கண்முன் நிறுத்துவது வேறு. இந்த இரண்டாவது உழைப்பைத் தமிழில் செய்து காட்டிய நூல்களுள் முன்னிற்பது பாமாவின் ‘கருக்கு’. அது நம் திரு அவைக்குள் பிறந்த நூல் என்பதால் நமக்கு இரட்டிப்பாக உரியது.

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் 1958-இல் ஒரு தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் பாமா. கல்லூரிப் படிப்பை முடித்து ஆசிரியப் பணி ஆற்றியவர், ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யும் வேட்கையோடு துறவற சபை ஒன்றில் சேர்ந்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப்பின் அங்கிருந்து வெளியேறினார். வேலையுமின்றி, வழியுமறியாது நின்ற அந்நாளில், இளமை நினைவுகளை எழுதுமாறு தூண்டியவர் எழுத்தாளரும் இயேசு சபைக் குருவுமான மாற்கு. அவ்வாறு எழுதப்பட்டவை 1992-இல் மதுரை சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தன. தமிழின் முதல் தலித் தன்வரலாறு எனப் பலரும் அதைக் குறிப்பிடுவர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வெளிவந்து, கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது.

தலைப்பே நூலின் நோக்கைச் சொல்லிவிடுகிறது. கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள வாள்போன்ற பல்விளிம்பு. விறகு பொறுக்கச் சென்ற சிறுமியின் தோலைக் கீறியதும் அதுவே. எபிரேயர் திருமடல் இறைவார்த்தையை இருபுறமும் கூரிய வாளோடு ஒப்பிடுவதை ஆசிரியர் தம் முன்னுரையில் நினைவுகூர்கிறார். காயப்படுத்திய கருவியே கட்டுகளை அறுக்கும் கருவியாகவும் ஆகக்கூடும் என்பது இதன் உட்பொருள்.

நூலின் சிறப்பு அதன் பார்வையில் உள்ளது. ஒரு காட்சியைக் காண்போம். தெருவிலுள்ள பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பள்ளி விட்டு வரும் சிறுமிக்கு இது பெரிய வேடிக்கை; சிரிப்பு அடங்கவில்லை. வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தம்மவர் கை பட்டால் தீட்டு என்று நிலக்கிழார் கருதுவதால்தான் அவர் அப்படித் தூக்கிச் சென்றார் என்று விளக்குகிறார். சிறுமியின் சிரிப்பு அந்த நொடியில் சினமாக மாறுகிறது.

இக்காட்சியை முதலிலிருந்தே சினத்தோடு சொல்லியிருந்தால் நாம் வெளியில் நின்றே கேட்டிருப்போம். ஆசிரியர் முதலில் நம்மையும் சிரிக்க வைக்கிறார். பிறகு அந்தச் சிரிப்புக்காக நாணவும் வைக்கிறார். அறியாத சிறுமியின் கண்ணும், அறிந்துகொண்ட பெண்ணின் கண்ணும் ஒரே பக்கத்தில் விழித்திருக்கின்றன. தன்வரலாற்றுக் கலையின் அடிப்படை இதுவே என்பது நம் துணிபு. சிறுவயதுக் கண் மட்டும் இருந்தால் நூல் வேடிக்கைக் கதையாகும். முதிர்ந்த கண் மட்டும் இருந்தால் அறிக்கையாகும்.

இரண்டாவது உழைப்பு மொழியில் நிகழ்ந்தது. கன்னியர் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் பழகிய திருத்தமான தமிழ் பாமாவுக்குக் கைவராததன்று. எனினும் தம் தெருவின் பேச்சையே முழுநூலுக்கும் மொழியாகக் கொண்டார். கதைமாந்தர் மட்டும் பேச்சுத்தமிழில் பேச, கதைசொல்லி உயர்தமிழில் விளக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. பாட்டியின் வாய்மொழியும் பேத்தியின் எழுத்தும் ஒரே பந்தியில் அமர்கின்றன. இலக்கணத் தமிழில் பயின்ற நம் போன்றோர்க்குத் தொடக்கத்தில் இது இடறலாம். ஆனால் அந்தப் பேச்சை மாற்றி எழுதியிருந்தால், அம்மக்களை மறுபடியும் வாசலில் நிறுத்தியதாக ஆகியிருக்கும்.

இங்கே நாமறிந்த இன்னொரு தன்வரலாற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. நான்கு வயதில் தாயை இழந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசா, லிசியே கார்மேல் மடத்தில் தலைவியாயிருந்த தம் உடன்பிறந்த சகோதரியின் கட்டளைப்படி 1895-இல் இளமை நினைவுகளை எழுதத் தொடங்கினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1898-இல், அது நூலாக வந்தது. அச்சேறுமுன் அச்சகோதரியின் கை பல இடங்களில் திருத்தியிருந்தது. தெரேசா எழுதியவாறே மூலப்படிகள் வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெரேசா கீழ்ப்படிதலால் மடத்துக்குள்ளிருந்து எழுதினார். பாமாவோ வாக்குத்தத்தங்களை விட்டு வெளியே வந்து, கட்டளையிட எவருமில்லாத நிலையில் எழுதினார். இருவரும் தேடியது ஒன்றே: சிறு பிள்ளையாயிருந்தபோது தம்மைத் தொட்டது இறைவனின் கைதானா என்ற வினாவுக்கு விடை. தெரேசாவுக்கு ‘ஆம்’ என்ற விடை ஒளியோடு வந்தது. பாமாவுக்கு அவ்விடை வரும் வழியில் நாமே குறுக்கே நின்றோம்.

இது மிகையான கூற்றன்று. பள்ளியில் தேங்காய் திருடியதாகப் பொய்ப்பழி சுமத்தப்பட்ட சிறுமி, நீதி தேடிப் பங்குக் குருவிடம் செல்கிறாள். சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்பதே அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல்லாக அமைகிறது. நூலெங்கும் கோயிலும் திருவிழாவும் பூசையும் நிறைந்திருக்கின்றன. பூசை வைத்து விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இது நம்பிக்கையற்றவரின் ஏளனம் அன்று. நம்பியவரின் வழக்கு. திருப்பாடல்களை நாள்தோறும் செபிக்கும் நாம், இறைவன்முன் வழக்குரைப்பதும் செபமே என்பதை அறிவோம்.

குறைகளும் இல்லாமலில்லை. கிராமத்துப் பகுதிகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகமும் நடையும் பட்டப்பெயரும் உண்டு. துறவு இல்லத்துக்குள் நுழைந்ததும் மனிதர்கள் மங்கி, ‘அவர்கள்’ என்ற ஒரு திரளே எஞ்சுகிறது. ஒரே குற்றச்சாட்டு பலமுறை திரும்பி வருகிறது. அன்பு காட்டிய ஓர் அருட்சகோதரியேனும் அங்கிருந்திருக்க மாட்டாரா என்று வாசகர் ஏங்குவது இயல்பே. காயம் ஆறுமுன் எழுதப்பட்ட பக்கங்கள் அவை. இளமையின் பக்கங்கள் பெற்றிருந்த கால இடைவெளி அவற்றுக்கு இல்லை. அதே தெருவை, பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் 2002-இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்ற நாவலாக, எள்ளல் தோய்ந்த நடையில் எழுதினார். ஒரே வீட்டின் துயரம் தங்கையிடம் சாட்சியமாகவும் தமையனிடம் நகையாகவும் வடிவெடுத்தது. நீறு ஒன்று, உழைப்பு வேறு.

தன்வரலாறு பிறரையும் பேசுவதால் அதற்கு விலை உண்டு. ‘கருக்கு’ வெளிவந்தபோது ஊரை இழிவுபடுத்திவிட்டதாகச் சொந்த மக்களே சினந்தனர். ஏழு மாதம் ஆசிரியர் ஊருக்குள் நுழைய இயலவில்லை. பின்னர் அவர்களே அதைத் தம் நூலாக ஏற்றுக்கொண்டனர். எழுத விரும்பும் இளையோர் இதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

நமக்கும் விலை உண்டு. நூலில் இரு சமூகங்களிடையே கல்லறை நிலம் பற்றிய மோதல் வருகிறது. காவலர்க்கு அஞ்சி ஒளிந்திருந்த ஒரு தந்தை, இறந்த மகனின் முகம் காணச் சேலையுடுத்திப் பெண்போல வருகிறார். இதை வாசிக்கும் திருச்சிக் கத்தோலிக்கர் எவருக்கும், மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரைச் சாதியால் பிரித்த சுவர் நினைவுக்கு வராமல் போகாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திரு அவைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ‘கருக்கு’ வெளிவந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயர்களின் ஆவணம் சொன்னதை, சேரித் தெருவின் பேச்சுத்தமிழ் ஒரு தலைமுறைக்கு முன்பே சொல்லிவிட்டது.

நூலின் இறுதியில் வெற்றி முழக்கம் ஏதுமில்லை. சிறகொடிந்த பறவையாகத் தம்மைக் காண்கிறார் ஆசிரியர். பறந்துவிட்டதாகப் பொய் சொல்லவில்லை. அந்நேர்மையே இந்நூலைக் காலம் கடந்து நிற்கச் செய்கிறது. நம் அன்பியக் கூட்டங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் ‘கருக்கு’ வாசிக்கப்பட வேண்டும். வாசித்தபின், இதுவரை பேசாமலிருந்த ஒருவர் தம் இளமையைப் பற்றி வாய்திறந்தால், உடனே ஆறுதல் கூறி அவரை அடக்கிவிடாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பதே நம் முதற்பணி.