மாங்காய்ப் பூட்டில் 'போல' எங்கே?

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேப்பரில் எனக்கு உறுதியாக மார்க் வாங்கித் தந்தது ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்தான். வரியில் 'லைக்' அல்லது 'ஆஸ்' இருந்தால் சிமிலி, இல்லாவிட்டால் மெட்டஃபர். கவிதையை வாசிக்கவே வேண்டாம். இப்போது நான் பிழைக்கும் தொழிலின் பாஷையில் சொன்னால், அது வெறும் டெக்ஸ்ட் சர்ச்.

அந்த விதி பாதி தப்பு. 'தம்பி அண்ணன் அளவுக்கு உயரம்' என்பதை இங்கிலீஷில் சொன்னால் இரண்டு 'ஆஸ்' வரும். அதில் அணி ஏதும் இல்லை, அளவு மட்டும்தான். 'ஸ்னோ ஒயிட்'டில் ஒரு 'லைக்'கும் இல்லை, ஆனாலும் அது பனியைப் போன்ற வெள்ளை. அதே வருஷம், அடுத்த பீரியடில், தமிழ் வாத்தியார் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்: மலர்விழி உவமைத்தொகை, விழிமலர் உருவகம். இரண்டிலும் 'போல' கிடையாது. மலர்விழி கண்ணாகவே இருக்கிறது, மலர் ஒத்தாசைக்கு வந்தது. விழிமலரில் கண் மலராகவே ஆகிவிட்டது. இனி அது வாடலாம், வண்டு வந்து உட்காரலாம். வித்தியாசம் உருபில் இல்லை, சொல் கடைசியில் எதுவாக முடிகிறது என்பதில் இருக்கிறது. இரண்டு பீரியடையும் சேர்த்துப் பார்க்க எனக்கு முப்பது வயசு தாண்ட வேண்டியிருந்தது.

தொல்காப்பியம் இன்னொரு கேள்வி கேட்கிறது: எது ஒத்துப்போகிறது? வினையா, பயனா, மெய்யா, உருவா? அதாவது செயலா, பலனா, வடிவமா, நிறமா? 1936இல் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் பேசப்படும் பொருளை டெனர் என்றும், அதைச் சுமந்து வருவதை வெஹிகிள் என்றும் பிரித்தார். நல்ல பிரிவுதான். ஆனாலும் எங்க ஊர்ப் பூட்டுக்கு எனக்கு உதவியது தொல்காப்பியர்தான்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் மாங்காய்ப் பூட்டு என்று ஒரு ரகம். மாங்காயிடமிருந்து வடிவம் மட்டும் வந்தது, புளிப்பு வரவில்லை. மெய் உவமம். (ஊர்ப்பெயரே திண்டு மாதிரிக் கல் என்றுதான் சொல்வார்கள். மலைக்கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.)

மென்பொருளிலும் 'லாக்' உண்டு. ஒரே டேட்டாவில் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் கைவைக்காமல் இருக்க ஒன்று லாக் எடுக்கும், மற்றது காத்திருக்கும். பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"சாவி யார்ட்டடா இருக்கும்?"

"சாவி கிடையாது பெரியப்பா."

"அப்ப திருடனுக்குப் பயந்து பூட்டலையா?"

"இல்ல. உள்ள போனவர் வெளிய வர்ற வரைக்கும் அடுத்தவர் நிக்கணும், அவ்வளவுதான்."

"அது பூட்டு இல்லடா, கக்கூஸ் தாழ்ப்பா."

பெயர் வைத்தவர்களைவிட அவர் துல்லியமானவர். வினை பொருந்துகிறது: ஒருவரை வெளியே நிறுத்துகிறது. பயன் பொருந்தவில்லை. லாக்கைக் கேட்காமலே டேட்டாவை நேராகத் தொடும் கோடை அது தடுக்காது. பூட்டு என்ற சொல்லை நம்பி, பத்திரம் என்று நினைத்து, ஒரு ராத்திரி முழுக்கத் தப்பான எண்களைத் துரத்தியிருக்கிறேன்.

இப்போது வாசிக்கக் கிடைக்கும் பல கவிதைகளிலும் இதே கோளாறு. 'போல'வை எடுத்துவிட்டால் உருவகம் ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். 'நிலா ஒரு ரொட்டி' என்கிறார்கள். அடுத்த வரியிலேயே அது பழையபடி நிலாவாகி மேகத்துக்குள் போய்விடுகிறது. ரொட்டி என்று சொன்னபிறகு யாராவது பிய்த்துத் தின்ன வேண்டாமா?